அறுபது அனுமதி வரிகள்: சொந்தப் பின்னணிச் சேவைக்கு எஸ்இலினக்ஸ் கொள்கை எழுதுதல்

கேள்வி சுருக்கமாக இதுதான். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஓடும் சர்வர் ஒன்றில், மழைமானிக் கருவிகள் அனுப்பும் அளவுகளை 18230ஆம் போர்ட்டில் பெற்றுக் கோப்புகளில் சேமிக்கும் பின்னணிச் சேவை ஒன்றை நண்பர் சி மொழியில் எழுதி ஓட்டிவருகிறார். பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தச் சேவை, ஒவ்வொரு நிரலும் எதைத் தொடலாம் என்று கொள்கை வழியாகக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸின் கட்டுப்பாட்டுக்குள் இல்லை என்று குறித்துவிட்டார்கள். அவர் எஸ்இபாலிசி ஜெனரேட் என்னும் கருவியைக் கொண்டு ஒரு கொள்கைக் கூட்டை உருவாக்கி, சேவையை ஒரு வாரம் ஓடவிட்டு, பதிவான மறுப்புகள் (கொள்கை அனுமதிக்காத செயல்களின் பதிவுகள்) அனைத்தையும், அவற்றை அனுமதி வரிகளாக மாற்றித் தரும் ஆடிட்2அலவ் கருவியிடம் கொடுத்திருக்கிறார். அது அறுபதுக்கு மேற்பட்ட அனுமதி வரிகளைத் தந்திருக்கிறது. அவற்றை அப்படியே நிறுவியதும் மறுப்புகள் நின்றுவிட்டன. இது போதுமா என்பது அவர் கேள்வி. அந்த வரிகளில் சிலவற்றையும் அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார்: பயனர் இல்லக் கோப்புகளைப் படிப்பது, டிஏசி_ஓவர்ரைடு என்னும் திறன், நெட்_அட்மின் என்னும் திறன், ஷெல்லை இயக்குவது, பொதுத் தற்காலிக அடைவில் எழுதுவது, பெயரிடப்படாத போர்ட்டில் அமர்வது.

போதாது. இனி அந்த நண்பரிடமே நேராகப் பேசுகிறேன். ஒரு சேவை செய்ய முயன்றவற்றை எல்லாம் அனுமதித்துவிட்டு அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைப்பது, வீட்டில் யார் யார் எந்தக் கதவைத் தட்டினார்களோ அவர்களுக்கெல்லாம் அந்தந்தச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டு போட்டிருக்கிறேன் என்று சொல்வதைப் போன்றது. மறுப்புப் பதிவு ஒரு சாட்சியம் மட்டுமே. நடந்தது என்ன என்பதை அது சொல்லும், நடக்கத் தக்கது எது என்பதை அது சொல்லாது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. அந்த அறுபது வரிகளில் பெரும்பாலானவை அனுமதி இல்லாததால் வந்தவை அல்ல, கோப்பு, போர்ட் போன்ற பொருள்களுக்கு எஸ்இலினக்ஸ் இடும் அடையாளமான லேபிள் சரியாக இல்லாததால் வந்தவை. லேபிள்களை முதலில் ஒழுங்குபடுத்தினால் அனுமதி வரிகள் தாமாகவே குறைந்துவிடும். இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். வழக்கமான யூனிக்ஸ் அனுமதிமுறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பது அதன் உரிமையாளரின் விருப்பம். ரூட் பயனருக்கோ ஏறக்குறையத் தடை என்பதே இல்லை. எஸ்இலினக்ஸ் செயல்படுத்தும் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டில் அந்த விருப்பத்துக்கு மேலே, நிர்வாகி வகுத்த கொள்கை ஒன்று நிற்கிறது. ரூட்டாக ஓடும் செயல்முறையும் அதை மீற முடியாது, கோப்பின் உரிமையாளரும் அதைத் தளர்த்த முடியாது. எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், அதாவது கோப்பு, அடைவு, சாக்கெட், போர்ட் ஆகிய ஒவ்வொன்றுக்கும், பயனர், பங்கு, டைப், நிலை என்ற நான்கு பகுதிகள் கொண்ட ஒரு லேபிள் உண்டு. சேவைகளைக் கட்டுப்படுத்தும் வேலையில் மூன்றாவது பகுதியான டைப்தான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செயல்முறையின் டைப்பை டொமைன் என்று அழைப்பது வழக்கம். இந்த டொமைன் இந்த டைப்பின்மீது இந்தச் செயலைச் செய்யலாம் என்று கொள்கையில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது நடக்கும், எழுதப்படாதது எல்லாம் மறுக்கப்படும். கெர்னல் வழக்கமான அனுமதிகளைத்தான் முதலில் பார்க்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே மறுக்கப்பட்டால் எஸ்இலினக்ஸிடம் கேள்வி போகாது, மறுப்புப் பதிவும் இராது. பதிவில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சேவை கோப்பைத் திறக்க மறுக்கிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கோப்பின் உரிமையாளரையும் அனுமதி எண்ணையும்தான்.

தணிக்கையாளர்கள் சுட்டிய நிலை எப்படி ஏற்பட்டது என்பதற்கு ஒரு சிறிய வரலாறு உண்டு. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்இலினக்ஸை 2000 டிசம்பரில் திறமூலமாக வெளியிட்டது. 2003இல் அது 2.6 கெர்னலின் பகுதியாயிற்று. 2004இல் வந்த ஃபெடோரா கோர் 2, எல்லாச் செயல்முறைகளையும் கட்டுக்குள் கொண்டுவரும் கண்டிப்பான கொள்கையோடு வந்தது. மேசைக் கணினிப் பயன்பாட்டில் அது பெருந்தொல்லையாக முடிந்தது. ஆகவே அடுத்த வெளியீட்டில், வலைச் சேவையகம், பெயர்ச் சேவையகம் போன்று வெளியுலகுக்கு முகம் காட்டும் குறிப்பிட்ட சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தி மற்றவற்றைத் தாராளமாக விடும் இலக்குக் கொள்கை வந்தது. இன்று ரெட் ஹாட் குடும்பத்தில் இயல்பாக இருப்பது அதன் வளர்ந்த வடிவம்தான். அந்தக் கொள்கைக்கு அறிமுகமில்லாத ஒரு நிரலை நீங்கள் பின் (bin) அடைவில் வைத்து, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினால், அது அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி என்ற டொமைனில் ஓடும். பெயருக்கேற்ப அதற்கு அநேகமாக எல்லாமே அனுமதி. உங்கள் சேவை இத்தனை நாள் ஒரு மறுப்பும் இல்லாமல் ஓடியதற்குக் காரணம் இதுவே.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் சேவையின் பெயரை மழைமானி என்று வைத்துக்கொள்கிறேன். எஸ்இபாலிசி ஜெனரேட் கருவி ஐந்து கோப்புகளைத் தரும்: டைப்களும் விதிகளும் அடங்கிய கோப்பு, எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்று சொல்லும் கோப்பு, மற்றக் கொள்கைகள் உங்கள் டைப்களைப் பயன்படுத்துவதற்கான இடைமுகக் கோப்பு, ஆர்பிஎம் தொகுப்புக்கான குறிப்புக் கோப்பு, இவற்றைத் தொகுத்து நிறுவும் ஷெல் நிரல். பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டுமே திறந்து பார்க்கிறார்கள். நான் இரண்டாவதைத்தான் முதலில் திறப்பேன், ஏனென்றால் சேவை தொடும் பொருள்களுக்குப் பெயர் சூட்டும் இடம் அதுவே.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, சேவையின் மூலநிரலை வைத்துக்கொண்டே, அது தொடும் பொருள்களை எழுதிப் பாருங்கள். இயங்கு கோப்புக்கு மழைமானி_எக்ஸெக்_டி. எட்க் அடைவிலுள்ள அமைப்புக் கோப்புக்கு மழைமானி_கான்ஃப்_டி, இதை அது படிக்க மட்டும் வேண்டும். வார் லிப் அடைவின் கீழே அளவுகள் சேரும் இடத்துக்கு மழைமானி_வார்_லிப்_டி, இங்கே உருவாக்கவும் எழுதவும் நீக்கவும் வேண்டும். பதிவுக் கோப்புக்கு மழைமானி_லாக்_டி. இதற்கு உருவாக்குவதும் கடைசியில் சேர்ப்பதும் போதும், முன்பு எழுதியதைத் திருத்தும் உரிமை தேவையே இல்லை. இந்த வேறுபாட்டை எஸ்இலினக்ஸ் உண்மையிலேயே செயல்படுத்துகிறது: சேர்ப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனி அனுமதிகள் உள்ளதால், சேவையைக் கைப்பற்றியவன் தன் தடயத்தைப் பதிவிலிருந்து அழிக்க முடியாதபடி செய்யலாம். ரன் அடைவிலுள்ள செயல்முறை எண் கோப்புக்கு ஒரு டைப், சேவையை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்புக்கு ஒரு டைப், போர்ட்டுக்கு ஒரு டைப். இவ்வளவுதான். இப்படித் தாளில் எழுதியபின் விதிகள் பத்துப் பதினைந்து வரிகளுக்குள் அடங்கிவிடும், ஏனெனில் ஒவ்வொரு டைப்பும் எதற்கு என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது.

லேபிள் தவறுவதால் என்ன ஆகும் என்பதற்கு நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் தம் இல்ல அடைவில் தயாரித்த தரவு அடைவை எம்வி கட்டளையால் வார் லிப் அடைவுக்கு நகர்த்தியிருந்தார். ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்தும்போது லேபிளும் கூடவே வரும், ஆகவே அந்தக் கோப்புகள் எல்லாம் யூசர்_ஹோம்_டி என்ற லேபிளோடு புதிய இடத்தில் அமர்ந்திருந்தன. சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதிய இடத்துக்குரிய லேபிள் வந்திருக்கும். சேவை அவற்றைப் படிக்க முடியாமல் நின்றது. ஆடிட்2அலவ் கேட்டதைச் செய்தது: அந்தச் சேவை யூசர்_ஹோம்_டி கோப்புகளைப் படிக்கலாம் என்ற ஒரு வரியைத் தந்தது, அதை நிறுவினார்கள், சேவை ஓடிற்று. ஒரு தரவு அடைவுக்காக, அந்தச் சர்வரிலிருந்த எல்லாப் பயனர்களின் இல்லக் கோப்புகளையும் படிக்கும் உரிமையை அவர்கள் ஒரு பின்னணிச் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது ஓராண்டு கழித்தே தெரியவந்தது. தேவைப்பட்டதோ, கோப்புகளுக்குக் கொள்கைப்படி உரிய லேபிளை மீண்டும் இடும் ரெஸ்டோர்கான் என்ற ஒரே கட்டளை. உங்கள் பட்டியலிலும் இதே வரி இருப்பதைப் பார்த்தால், அங்கும் யாரோ எதையோ நகர்த்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

லேபிளைத் திருத்துவதில் இரண்டு வழிகள் உண்டு, அவற்றுள் ஒன்றை மறந்துவிடுவது நல்லது. சிஎச்கான் கட்டளை கோப்பின்மேல் நேரடியாக லேபிளை ஒட்டும், ஆனால் கொள்கைக்கு அது தெரியாது. அடுத்த முறை முழுக் கோப்பு முறைமைக்கும் லேபிள் புதுப்பிக்கப்படும்போது அது அழிந்துபோகும். எஸ்இமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் வழியாகவோ கொள்கைத் தொகுப்பின் பாதைக் கோப்பிலோ பாதைக்குரிய லேபிளைப் பதிந்துவிட்டுப் பிறகு ரெஸ்டோர்கானை ஓட்டுவதே நிலையான வழி. சேவை ஓடும்போது புதிதாக உருவாக்கும் கோப்புகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். புதிய கோப்பு இயல்பாகத் தன் தாயடைவின் டைப்பைப் பெறும். மழைமானி ரன் அடைவில் நேரடியாக ஒரு கோப்பை உருவாக்கினால் அதற்கு ரன் அடைவின் பொது டைப் வரும், அப்போது அந்தப் பொது டைப்பில் எழுதும் உரிமையைக் கேட்டு ஒரு மறுப்பு வரும். இங்கே தர வேண்டியது அந்த உரிமை அன்று, இந்த டொமைன் இந்த அடைவில் உருவாக்கும் கோப்புக்கு இந்த டைப் என்று சொல்லும் டைப் மாற்ற விதி. தற்காலிக அடைவுக்கும் இதே மருந்துதான். நிரல் எழுதியவர் நீங்களே என்பதால், அந்தத் தற்காலிகக் கோப்பு தேவையா என்று கேட்டுக்கொள்வது அதைவிட நல்ல மருந்து.

அடுத்து, சேவை உண்மையிலேயே தன் டொமைனுக்குள் நுழைகிறதா என்பது. சிஸ்டம்டி இனிட்_டி டொமைனில் ஓடுகிறது. அதிலிருந்து பிறக்கும் செயல்முறை மழைமானி_டி டொமைனுக்கு மாற மூன்று அனுமதிகளும் ஒரு விதியும் வேண்டும். இனிட்_டி அந்த இயங்கு கோப்பை இயக்கலாம். இனிட்_டியிலிருந்து மழைமானி_டிக்கு மாற்றம் நிகழலாம். மழைமானி_டிக்குள் நுழையும் வாசலாக மழைமானி_எக்ஸெக்_டி என்ற டைப் இருக்கலாம். இவற்றோடு, அந்தக் கோப்பு இயக்கப்படும்போது மாற்றம் தானாக நடக்க வேண்டும் என்ற விதி. கருவி தரும் கூட்டிலுள்ள இனிட்_டீமன்_டொமைன் என்ற மேக்ரோ, அதாவது பல விதிகளை ஒரே பெயரில் அடக்கிய சுருக்கம், இவை நான்கையும் சேர்த்தே கொடுத்துவிடும். வாசல் என்ற கருத்துதான் இங்கே அழகானது. மழைமானி_டி டொமைனுக்குள் வேறு எந்த நிரலின் வழியாகவும் நுழைய முடியாது, எனவே அந்த டொமைனின் உரிமைகள் அந்த ஒரே இயங்கு கோப்புக்கே உரியவை.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் கிடைக்கிறது. ஷெல்லில் அமர்ந்து உங்கள் சேவையைக் கையால் தொடங்கி, வேலை செய்கிறதே என்று மகிழாதீர்கள். உங்கள் ஷெல் கட்டுப்படுத்தப்படாத டொமைனில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கும் சேவையும் அங்கேயே தங்கிவிடும், கொள்கை சோதிக்கப்பட்டிருக்காது. எப்போதும் சிஸ்டம்டி வழியாகவே தொடங்கி, செயல்முறைகளின் லேபிளைக் காட்டும் பிஎஸ் கட்டளையால் டொமைனைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது சிலருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும்: சேவை இன்னும் இனிட்_டி டொமைனிலேயே ஓடிக்கொண்டிருக்கும். யூனிட் கோப்பில் நோநியூபிரிவிலேஜஸ் என்ற அமைப்பை யாரேனும் நல்லெண்ணத்தோடு இயக்கியிருந்தால் இது நடக்கும். அந்த அமைப்பு, புதிய நிரலை இயக்குவதன்மூலம் செயல்முறை எந்தக் கூடுதல் அதிகாரத்தையும் பெறக் கூடாது என்று கெர்னலிடம் சொல்கிறது. கெர்னலோ டொமைன் மாற்றத்தையும் அதிகார மாற்றமாகக் கருதி, கொள்கை வெளிப்படையாக இசையாதவரை, பழைய டொமைனிலேயே செயல்முறையை விட்டுவிடுகிறது. பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒரு வரி, சேவையை இனிட்_டி என்னும் மிகுந்த அதிகாரமுள்ள டொமைனில் கொண்டுபோய் வைக்கிறது! 2017இல் வந்த 4.14 கெர்னலிலிருந்து இதற்கென்றே என்என்பி_டிரான்சிஷன் என்ற தனி அனுமதி உள்ளது. அதை இனிட்_டிக்கும் மழைமானி_டிக்கும் இடையே கொடுத்துவிட்டால் இரண்டு பாதுகாப்புகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்கும்.

போர்ட் விஷயம் எளியது, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 18230ஆம் போர்ட்டுக்குக் கொள்கையில் தனிப் பெயர் இல்லாததால் அது அன்ரிசர்வ்ட்_போர்ட்_டி என்ற பொது வகையில் விழுகிறது. ஆடிட்2அலவ் தந்த வரி, 1024க்கு மேலுள்ள அப்படிப் பெயரற்ற போர்ட்டுகள் எல்லாவற்றிலும் அமரும் உரிமையைக் கொடுக்கும். அதற்குப் பதில் மழைமானி_போர்ட்_டி என்று ஒரு டைப்பை மாட்யூலில், அதாவது நீங்கள் எழுதி நிறுவும் கொள்கைத் தொகுப்பில், அறிவித்து, எஸ்இமேனேஜ் போர்ட் கட்டளையால் 18230ஐ அதனோடு இணைத்து, அதில் அமரும் உரிமையை மட்டும் கொடுங்கள். போர்ட் எண்ணுக்கும் டைப்புக்குமான இணைப்பை வழக்கமான மாட்யூல் மொழியில் எழுத முடியாது என்பதால்தான் அந்தத் தனிக் கட்டளை. வெளியே இணைப்பு ஏற்படுத்தும் உரிமை உங்கள் சேவைக்குத் தேவையா என்று பாருங்கள். கருவிகளே வந்து இணைகின்றன என்றால் தேவையில்லை. கைப்பற்றப்பட்ட சேவை வெளியிலுள்ள தன் எஜமானனைத் தொடர்புகொள்ள முடியாமல் போவது சிறிய நன்மை அன்று.

இப்போது உங்கள் பட்டியலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரிக்கு வருகிறேன்: டிஏசி_ஓவர்ரைடு. கோப்பின் வழக்கமான அனுமதிகளை மீறிச் செல்லும் ரூட்டின் திறன் இது. இதைக் கேட்டு மறுப்பு வந்தால், பத்தில் ஒன்பது முறை அதன் பொருள், ரூட்டாக ஓடும் சேவை ரூட்டுக்கு அனுமதியில்லாத ஒரு கோப்பைத் தொடுகிறது என்பதே. உதாரணமாக, தரவு அடைவு வேறொரு பயனருக்குச் சொந்தமாக 0700 அனுமதியோடு இருக்கும்போது சேவை ரூட்டாகத் தொடங்கி அதற்குள் நுழைய முயன்றால் இந்த மறுப்பு வரும். அடைவின் உரிமையாளரையோ குழுவையோ சரிசெய்தால், அல்லது யூனிட் கோப்பில் சேவையைத் தொடக்கத்திலிருந்தே அதற்குரிய பயனராக ஓடவிட்டால், மறுப்பு நின்றுவிடும். அதை விட்டு இந்தத் திறனைக் கொடுப்பது முழு வழக்கமான அனுமதிமுறையையும் அந்தச் சேவைக்கு இல்லாமல் ஆக்குவதாகும். எந்தக் கோப்பு என்று மறுப்பு வரியிலேயே பல வேளைகளில் தெரியாது. தணிக்கை அமைப்பில் முழுப் பாதைகளையும் பதியும்படி ஒரு விதியைத் தற்காலிகமாகச் சேர்த்தால் அது வெளிப்படும்.

நெட்_அட்மின் வேறு வகை. பிணைய அமைப்பையே மாற்றும் அந்தத் திறனை ஒரு மழைமானிச் சேவை ஏன் கேட்க வேண்டும்? சாக்கெட்டின் இடையகத்தை வழக்கமான வரம்புக்கு மேல் பெரிதாக்கும் ஓர் அழைப்பை ஏதேனும் நூலகம் முயன்றிருக்கும். அது தோற்றால் சாதாரண அளவோடு தொடரும், சேவைக்கு ஒரு குறையும் இல்லை. இத்தகைய தீங்கற்ற முயற்சிகளுக்குத்தான் டோன்ட்ஆடிட் என்ற விதி: அனுமதியும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் இந்த விதி இரு பக்கமும் வெட்டும் கத்தி. பொதுக் கொள்கையில் ஏற்கெனவே இத்தகைய விதிகள் ஏராளம், எனவே சேவை தோற்றாலும் பதிவில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அப்போது எஸ்இமாட்யூல் கட்டளையின் டி, பி கொடிகளால் டோன்ட்ஆடிட் விதிகளைத் தற்காலிகமாக விலக்கிப் பார்த்துவிட்டு, பி கொடியை மட்டும் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்ப மறந்தால் பதிவுக் கோப்பு இரண்டே நாளில் வட்டை நிரப்பிவிடக்கூடும்.

ஷெல்லை இயக்கும் வரியைப் பார்த்தவுடன் நான் கொள்கைக் கோப்பை மூடிவிட்டு உங்கள் மூலநிரலைத் திறந்திருப்பேன். எங்கோ ஓரிடத்தில் சிஸ்டம் என்ற அழைப்பால் பழைய கோப்புகளைச் சுருக்கவோ ஒரு மின்னஞ்சல் அனுப்பவோ செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மழைமானி_டி டொமைனுக்கு ஷெல்லையும் பின் அடைவிலுள்ள நிரல்களையும் இயக்கும் உரிமை கொடுத்தால், அவையும் அதே டொமைனில் ஓடும். ஆகவே பிற கோப்புகள் பாதுகாப்பாகவே இருக்கும். ஆயினும் உள்ளே புகுந்தவனுக்கு வேலைக்கு வேண்டிய எல்லா ஆயுதங்களையும் நீங்களே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். சுருக்கும் வேலையைச் சிஸ்டம்டி டைமர் ஒன்றின் கீழ் தனிச் சேவையாகப் பிரித்துவிட்டு, முதன்மைச் சேவையிலிருந்து ஷெல்லை அறவே நீக்குவது நல்லது. கொள்கை எழுதும் வேலையில் பாதி, நிரலைத் திருத்தும் வேலையாகவே முடிகிறது என்பது என் அனுபவம். நிரல் நம் கையில் இருக்கும்போது அதற்காக வருந்த ஒன்றுமில்லை.

மறுப்புகளைச் சேகரித்த முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவி தந்த கூட்டில் மழைமானி_டி டொமைனைப் பெர்மிஸிவ் நிலையில் வைக்கும் வரி ஒன்று இருக்கும். அந்நிலையில் கெர்னல் எதையும் தடுக்காது, பதிவு மட்டும் செய்யும். முழுக் கணினியையும் பெர்மிஸிவ் ஆக்காமல் ஒரே டொமைனை மட்டும் இப்படி வைப்பது சரியான முறைதான். இந்நிலையில் ஒரே வகை மீறல் முதல்முறை மட்டுமே பதிவாகும். கெர்னலின் அணுகல் தீர்ப்புச் சேமிப்பகத்தில் அது அனுமதிக்கப்பட்டதாகக் குறிக்கப்படுவதால், சேமிப்பகம் புதுப்பிக்கப்படும்வரை அடுத்தவை பதிவாகமாட்டா. மீறலை உண்மையிலேயே தடுக்கும் என்ஃபோர்சிங் நிலையிலோ சேவை முதல் தடையிலேயே நின்றுவிடுவதால் அடுத்தடுத்த தடைகள் தெரியா. எனவே பெர்மிஸிவ் நிலையில் முழு ஓட்டத்தையும் பார்த்துவிட்டு, பிறகு என்ஃபோர்சிங் நிலையில் மறுபடியும் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் ஓடவிட்டேன் என்கிறீர்கள். நாள்களின் எண்ணிக்கையைவிட, அந்த ஏழு நாளில் சேவையின் எந்தெந்தப் பாதைகள் நடக்கப்பெற்றன என்பதே முக்கியம். பதிவுக் கோப்பு சுழற்சி நடந்ததா? அதைச் செய்யும் லாக்ரொட்டேட் தனக்கென ஒரு டொமைனில் ஓடுகிறது. சுழற்றியபின் உங்கள் சேவைக்கு அது சைகை அனுப்பவோ சிஸ்டம்டி வழியாக மறுஏற்றம் கேட்கவோ வேண்டும், அதற்கு உங்கள் யூனிட் கோப்பின் டைப்பின்மீது அதற்கு உரிமை வேண்டும். இந்த மறுப்பு லாக்ரொட்டேட்டின் டொமைனிலிருந்து எழுவதால், மழைமானி என்று பதிவில் தேடினால் இது கண்ணில் படாமலே போகலாம். வட்டு நிரம்பினால் சேவை என்ன செய்கிறது? அமைப்புக் கோப்பில் பிழை இருந்தால்? கணினி மறுதொடக்கத்தின்போது வலையமைப்பு வருமுன் தொடங்கினால்? மாதம் ஒருமுறை ஓடும் தொகுப்பு வேலை ஏதும் உண்டா? இவற்றை எல்லாம் வேண்டுமென்றே நிகழ்த்திப் பார்க்காத கொள்கை, மாதத்தின் முதல் நாள் அதிகாலையில் உங்களைத் தொலைபேசியில் எழுப்பும். எழுப்பப்பட்டவர் செய்யும் முதல் வேலை எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைப்பதாகத்தான் இருக்கும் என்பதையும் பல முறை கண்டிருக்கிறேன்.

இவ்வளவு சிரமத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு கண்டெய்னர்களை (ஒரே கணினியில் தனிமைப்படுத்தி ஓட்டப்படும் நிரல்களை) இயக்கும் ரன்சி என்ற கருவியில் 2019இல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை நல்ல எடுத்துக்காட்டு. கண்டெய்னருக்குள் ரூட்டாக இருக்கும் செயல்முறை, வெளியேயுள்ள ஹோஸ்ட் கணினியின் ரன்சி இயங்கு கோப்பையே மேலெழுதி, ஹோஸ்டின் ரூட் அதிகாரத்தைப் பெற முடிந்தது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங் நிலையில் இருந்த இடங்களில் அது தடுக்கப்பட்டது. அந்த ஓட்டையைப் பற்றி யாரும் முன்கூட்டி அறிந்து விதி எழுதியிருக்கவில்லை. கண்டெய்னரின் டொமைனுக்கும் அந்த இயங்கு கோப்பின் டைப்புக்கும் இடையே எழுதும் உரிமை என்ற ஒன்று கொள்கையில் இல்லை, அவ்வளவுதான். பொருள்களுக்குச் சரியான பெயர் இருந்ததே அங்கே காத்தது. அதே வேளையில் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: உங்கள் சேவை கைப்பற்றப்பட்டால் அதற்கு உரிய தரவை அது அழிக்கலாம், திரிக்கலாம், ஏனெனில் அந்த உரிமை அதற்கு உண்டு. கெர்னலிலேயே ஓட்டை இருந்தால் எஸ்இலினக்ஸும் அதோடு விழும்.

உபுண்டு சர்வரும் உங்களிடம் உண்டு என்றால், அங்கே இயல்பாக இருப்பது இதே வேலையைச் செய்யும் ஆப்ஆர்மர் என்ற இன்னோர் அமைப்பு. 2010இல் 2.6.36 கெர்னலில் சேர்ந்த அது லேபிள்களை நாடாமல் பாதைப் பெயர்களைக் கொண்டு விதி எழுதுகிறது, ஆகவே கற்பது எளிது, லேபிள் தவறும் தொல்லையும் இல்லை. அதற்கான விலை, ஒரே கோப்பு வேறு பெயரில் எட்டக்கூடியதாக இருக்கும்போது விதியும் மாறிவிடும் என்பது. ஆனாலும் கட்டுப்படுத்தாத எஸ்இலினக்ஸ் சேவையைவிட, ஒழுங்காக எழுதிய ஆப்ஆர்மர் வரைவு எத்தனையோ மேல்.

எழுதி முடித்த கொள்கையைக் கொள்கையிடமே கேள்வி கேட்டுச் சரிபாருங்கள். எஸ்இசர்ச் கருவி நிறுவப்பட்டுள்ள கொள்கையைத் தேடிப் பதில் தரும். மழைமானி_டி எந்தெந்த டைப் கோப்புகளில் எழுதலாம்? அவற்றுள் ஏதேனும் ஒன்றை அது இயக்கவும் முடியுமா? எழுதவும் இயக்கவும் முடிகிற ஒரு டைப் இருந்தால், உள்ளே புகுந்தவன் தன் நிரலை அங்கே வைத்து ஓட்டலாம். கடவுச்சொல் நிழற்கோப்பின் டைப்பைத் தொட முடியுமா? வேறு எந்த டொமைனுக்கு மாற முடியும்? எந்தப் போர்ட் டைப்களோடு இணைய முடியும்? பயனர் பெயர்களைத் தேடுவதற்கான மேக்ரோ போன்ற பொது மேக்ரோக்கள் நீங்கள் எண்ணியதைவிட அகலமான உரிமைகளைச் சத்தமின்றிக் கொண்டுவந்திருக்கும், இந்தக் கேள்விகளில்தான் அவை வெளிப்படும். தணிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கும் அறுபது வரிக் கோப்பைவிட இந்தப் பதில்களே தகுந்தவை.

எல்லாம் சரியானபின் பெர்மிஸிவ் வரியை நீக்க மறக்காதீர்கள். அது இருக்கும்வரை பிஎஸ் கட்டளையில் டொமைன் பெயர் அழகாகத் தெரியும், தடுப்பு மட்டும் இராது. கொள்கையை நிரலின் மூலக் களஞ்சியத்திலேயே வைத்து, நிரலோடு சேர்த்து ஆர்பிஎம் தொகுப்பாக வெளியிடுங்கள். கையால் நிறுவும் மாட்யூல் இயல்பாக 400 என்ற முன்னுரிமையைப் பெறும், இயங்குதளத்தின் சொந்தக் கொள்கைகளுக்கு 100, தனித் தொகுப்புகளோடு வருபவற்றுக்கு 200 என்பது ஃபெடோரா வழக்கம். இப்போது நீங்கள் கையால் நிறுவியிருக்கும் அறுபது வரி மாட்யூலைப் பெயர் சொல்லி நீக்காமல் புதிய தொகுப்பை நிறுவினால், பெயர் வேறாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்தே செயல்படும், பெயர் ஒன்றாக இருக்கும்போது 400இல் உள்ள பழையதே வெல்லும். நிறுவும் வரிசையும் முக்கியம்: முதலில் மாட்யூல், பிறகு போர்ட் இணைப்பு, பிறகு இயங்கு கோப்பு, அமைப்பு, தரவு, பதிவு ஆகிய எல்லா அடைவுகளுக்கும் ரெஸ்டோர்கான், கடைசியாகச் சேவையின் மறுதொடக்கம். மாட்யூலுக்கு முன்பே இருந்த கோப்புகள் பழைய லேபிளோடுதான் இருக்கும், அவற்றுக்குப் புதுப்பெயர் கிடைக்குமுன் சேவையைத் தொடங்கினால் முதல் மறுப்பு அங்கிருந்தே வரும்.